யார் தகவமைவது? – கடலாய்வுத் தமிழைப் பற்றிச் சில எண்ணங்கள்

காரைக்குடியில் கடல் இல்லை. ஆயினும் செட்டிநாட்டுப் பழைய வீடொன்றின் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர்கள் கடலைத் தொட்டவர்களே. பளிங்கென மின்னும் அந்தப் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு வேண்டும். கடுக்காய் நீரும் முட்டை வெண்கருவும் அதற்குப் பிறகுதான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது வெளியேறி வந்த குடியினர் என்று நகரத்தார் தம்மைச் சொல்லிக்கொள்வதும், வீடுகளைத் தெருமட்டத்துக்கு மேல் அத்தனை உயரத்தில் எழுப்பியதற்கு அந்தப் பழைய அச்சமே காரணம் என்று முதியோர் பேசுவதும் இங்கே யாவரும் கேட்டிருப்பது. வரலாற்றாசிரியர்கள் இதை எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்பது வேறு பேச்சு. தண்ணீரைப் பார்த்திராத ஒரு நிலப்பகுதி, தண்ணீருக்கு அஞ்சிய நினைவைக் கல்லிலும் காரையிலும் காத்துவருகிறது என்பதே எனக்குச் சுவையாகப் படுகிறது.

1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது நம் பக்கம் சிவகங்கை ஆயிற்று; கடல் அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து 1987-இல் நம் மறைமாவட்டம் அமைந்தபோது இரண்டு மாவட்டங்களையும் ஒரே வேலிக்குள் வைத்துக்கொண்டது. கண்மாய்ப் பாசனத்தை நம்பும் பங்கும் வலையை நம்பும் பங்கும் ஒரே ஆயரின் கீழ் வந்தன. கல்வியிலும் அப்படியே. அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியில் இருக்கிறது. அதன் கடலியல், கடலோர ஆய்வுத் துறையோ இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தென்கிழக்கே, தொண்டியில். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் பண்டித நேருவின் கையால் கால்கோள் பெற்று, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் விதத்தை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்தது. கடல் இல்லாத ஊருக்குக் கடலைப் பற்றிப் பேச உரிமை உண்டா என்று கேட்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

நான் அறிவியல் படித்தவன் அல்லன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். கடலாய்வுக் கட்டுரைகளை நான் படிக்கத் தொடங்கியது, முன்னாள் மாணவி ஒருத்தியால். தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூர் அவளுக்கு. தந்தை நாட்டுப்படகுக்காரர், தாய் மூங்கில் மிதவையில் பாசி கட்டுகிறவர். அந்த ஊரிலிருந்து கடலியல் படித்து ஆய்வு வரைக்கும் போன முதல் பெண் அவள். தன் ஆய்வுத் திட்டத்தின் முடிவுகளை மீனவ மக்களுக்குச் சொல்லும் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது என்று நான்கு தாள்களோடு வந்தாள். “ஐயா, எனக்கு எழுத வருது. எழுதினா எங்கம்மாவுக்குப் புரியலை” என்றாள்.

அவள் கொண்டுவந்த வரைவின் முதல் வாக்கியம் இது: “கடலோரச் சமுதாயங்கள் காலநிலை மாற்றத்தின் தாக்கங்களுக்கேற்பத் தம்மைத் தகவமைத்துக் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இதை ஒரு திறனாய்வாளன் எப்படி வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நாவலையும் கவிதையையும் மட்டுந்தான் திறனாய வேண்டும் என்று எங்கும் விதியில்லை. கடலோரத்தின் வருங்காலத்தை இன்று தீர்மானிக்கும் எழுத்து ஆய்வறிக்கைதான். அதைத் திறனாயாமல் விட்டால், நாம் திறனாய்வு என்று செய்துகொண்டிருப்பது வெறும் பொழுதுபோக்கு.

‘தகவமைப்பு’ என்னும் சொல்லை நாமெல்லாம் பள்ளி உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒட்டகத்தின் திமிலும், கள்ளியின் முள்ளும், மீனின் செதிலும் தகவமைப்புகள். அங்கே அச்சொல் மிகப் பொருத்தம். ஒட்டகம் யாரிடமும் போய் முறையிடுவதில்லை. பாலைவனத்தை உண்டாக்கியவர் யார் என்று கேட்பதில்லை. பல தலைமுறைகளில், தானறியாமலே, சூழலுக்கு ஏற்ற உடம்பு அதற்கு வாய்க்கிறது. அச்சொல்லையே மனிதர் மீது ஏற்றும்போது ஒட்டகத்தின் வாயில்லாமையும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. ‘மக்கள் தகவமைந்துகொள்ள வேண்டும்’ என்றால், வந்தது இயற்கை போலவும் அதற்கு ஈடுகொடுப்பது மட்டுமே மக்கள் வேலை போலவும் ஆகிவிடுகிறது. நம் பேச்சுத் தமிழில் இதற்கு வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. பழகிக்கொள்வது ஒன்று, சமாளிப்பது ஒன்று, ஒத்துப்போவது மற்றொன்று, வேறு வழியில்லாமல் தலையைக் கொடுப்பது இன்னொன்று. நான்கும் நான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் எதிரே ஒருவர் நிற்கிறார். ‘தகவமைப்பு’ அந்த எதிராளியை அழித்துவிட்டது.

இரண்டாவது குற்றம் செயப்பாட்டுவினை. “கடற்புல் படுகைகள் சிதைக்கப்பட்டுள்ளன.” “பவளப்பாறைகள் அகழப்பட்டன.” “மீன்வளம் மிகையாக அறுவடை செய்யப்படுகிறது.” ஆங்கில ஆய்வு நடையில் இது ஒரு நல்லொழுக்கம், ஆய்வாளர் தம்மை முன்னிறுத்திக்கொள்ளாத அடக்கம். தமிழுக்கு வரும்போது அடக்கம் போய் மறைப்பு ஆகிவிடுகிறது. ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு இருந்தால்தான் நம் செயப்பாட்டுவினை முழுமை பெறும். யாரால், எதனால் என்று கேட்டே தீரும் மொழி இது. ஆய்வுத் தமிழோ அந்த உருபை உதறிவிட்டு, வினைமுற்றை மட்டும் வைத்துக்கொண்டது.

குறை சொல்லத் தொடங்கிவிட்டேன். நிறையையும் சொல்லாவிட்டால் நீதியாகாது. இக்கட்டுரைகளில் நான் கண்ட முதற்பண்பு பொறுமை. நாம் கடலைப் பார்க்கிறோம் என்றால் அலையைப் பார்க்கிறோம். இவர்கள் அலையின் கீழே இறங்கி, ஒரு சதுரச் சட்டத்தை மணலில் வைத்து, அதற்குள் எத்தனை தாள், எந்த இனம், எவ்வளவு நீளம் என்று எண்ணுகிறார்கள். மறுபடி சில மீட்டர் நகர்ந்து மறுபடி எண்ணுகிறார்கள். பாக் நீரிணையை ஒட்டிய நம் கடல் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. வெளிச்சம் அடிவரை இறங்கும். அந்த வெளிச்சத்தில் வளர்வது கடற்புல். மீனவர் வழக்கில் கடல்தாழை. இது பாசி இனம் அன்று. வேரும் பூவும் உள்ள தாவரம். வயலில் நாற்று நிற்பது போலக் கடலடியில் நின்று சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அலையின் வேகத்தைத் தணிக்கிறது. இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டிலாகிறது. காற்றிலிருந்து கடலில் கரைந்த கரியை வாங்கி வேரடி மண்ணில் புதைத்து வைக்கிறது. அதை மேய்ந்து வாழும் பெரிய விலங்கு ஆவுளியா. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் வேண்டும் அதற்கு. அது மேய்ந்து போன தடம் கடலடியில் நீண்ட கோடாகத் தெரியும் என்கிறார்கள். ஏர் உழுத சால் என்றே எனக்குத் தோன்றியது.

இந்த ஆவுளியாவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் அமைந்தது. அந்தப் பரப்புக்குள் 12,250 எக்டேர் கடற்புல் இருப்பதாகக் கணக்கு. புதுக்கோட்டை மாவட்ட எல்லையோடு காப்பகம் முடிகிறது. நம் தொண்டிக் கடல் அதற்குத் தெற்கே, வெளியே. புல்லுக்கும் ஆவுளியாவுக்கும் மாவட்ட எல்லை தெரியுமா என்று கேட்கலாம், தெரியாதுதான். ஆனாலும் எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும் என்ற நிர்வாகத்தின் கட்டாயத்தையும் நான் மறுக்கவில்லை. இப்படி ஒரு கோடு போடுவதற்கே, பல ஆண்டுகள் ஆட்கள் நீருக்கடியில் புல்லை எண்ணியிருக்க வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விற்காமல் கடலில் விட்ட மீனவர்களும் இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு வனத்துறை பரிசளித்த செய்திகளை வாசகர் படித்திருப்பீர்கள்.

பெயரைக் கவனியுங்கள். செய்தித்தாள் ‘கடற்பசு’ என்கிறது. அது ஆங்கிலத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. கரையில் உள்ளவர் ‘ஆவுளியா’ என்கிறார். முந்தியது ஒரு விலங்கை விளக்குகிறது. பிந்தியது ஓர் அண்டை வீட்டாரைக் கூப்பிடுகிறது. பாசிகளுக்கும் இப்படியே. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி பறிக்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா என்று பிரித்துச் சொல்வார்கள். இந்தக் கடைசிப் பெயர் எப்போது யார் வைத்ததோ, வைத்தவருக்கு ஒரு தேநீர்க்கடையின் வாசமும் கூர்மையான கண்ணும் இருந்திருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகள் இப்பெயர்களை அடைப்புக்குறிக்குள் வைக்கின்றன, அதுவும் வைத்தால். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கும், நீவாடு என்று நீரோட்டத்துக்கும், பார் என்று கடலடிப் பாறைத்திட்டுக்கும் பெயர் வைத்திருந்த மக்கள் அவர்கள். காலநிலை மாறுகிறதா என்று அளக்க நூறாண்டுக் குறிப்பேடு நம் கரையில் எல்லா ஊருக்கும் இல்லை. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது விழும் என்று பாட்டன் சொன்னதைப் பேரன் சொல்லும் வாய்க்கணக்கு மட்டும் இருக்கிறது. அதைத் தேதியிட்டு எழுதிக்கொண்டால் அது தரவு. எழுதாமல் விட்டால் அந்தக் கிழவரோடு போய்விடும்.

இலக்கியம் இதைச் செய்ததா? ஓரளவு செய்தது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-இலும், இராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க்கரையில்’ 1978-இலும், ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இலும் வந்தன. மூன்றும் தெற்குக் கடலைப் பேசுபவை. மூன்றும் நம்மவர் வாழ்வைப் பேசுபவை. மூன்றிலும் மாதா கோயில் மணி கேட்கும். வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையில் மூண்ட பகையை வண்ணநிலவன் எழுதிய காலத்தில், அந்தப் பகை கடலடியில் என்ன செய்யும் என்று கேட்டவர்கள் குறைவு. அவர் கேட்டது கரையில் என்ன செய்யும் என்பதையே: யாருடைய வீடு எரியும், யாருடைய காதல் முறியும். ஜோ டி குருஸ் கட்டுமரத்தின் ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் தந்தார். அவரைப் படிக்கும்போது கடல் நம் காலடியில் ஆடுகிறது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்நாவல்களில் கடல் அன்னையாகிறது, ஊழாகிறது, கல்லறையாகிறது. அதன் அடித்தரை மட்டும் தெரிவதில்லை. புல் நிற்பதும் பார் நொறுங்குவதும் கதைக்குள் நிகழ்ச்சிகளாக வருவதில்லை. அதற்காக நாவலாசிரியர்களைப் பழிக்க முடியாது. மூச்சடக்கி இறங்கிப் பார்த்ததை நமக்குத் தமிழில் சொன்னவர்கள் யார்? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தோன்றி, 1949-இல் மண்டபத்துக்கு வந்து, 1971-இல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறும் வரை, 20 ஆண்டுகளுக்கு மேல் நம் கரையிலேயே இருந்தது. அதன் பின்னும் மண்டபத்தில் அதன் மையம் இருந்துவருகிறது. இவ்வளவு அறிவு நம் வாசற்படியில் ஆங்கிலத்திலேயே அடுக்கப்பட்டது.

கத்தோலிக்க எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். மீனவர் என்றதும் நம் மறையுரைகளுக்கும் மலர்களுக்கும் பேதுருவின் படகு நினைவுக்கு வந்துவிடும். வலையை விட்டுவிட்டு வந்தவரைப் போற்றுகிறோம். வலையை விடாமல் இருக்கிறவரின் வலை ஏன் வெறுமையாக வருகிறது என்று கேட்க நமக்கு நேரமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல் பவளப்பாறைகள் அழிவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நம் பங்குகளில் அதற்குக் கூட்டம் போட்டோம், மரக்கன்று நட்டோம். மரக்கன்று நல்லதே. பவளத்துக்கும் நமக்கும் உள்ள கணக்கை மட்டும் திறக்கவில்லை.

அந்தக் கணக்கு என்ன? தனுஷ்கோடிக்குப் போனவர்கள் கூரையிழந்து நிற்கும் கோயிலைப் பார்த்திருப்பார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் ஊரோடு அழிந்தது. சுற்றுலாவாக வருபவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அருகில் போய்ச் சுவரைப் பாருங்கள். கல்லில் பூப்பூவாகத் துளைகள் இருக்கும். அவை பவளக் கற்கள். உயிரோடிருந்த பாரிலிருந்து வெட்டி வந்து, அடுக்கி, ஆலயம் கட்டினார்கள். கட்டியவர்கள் தீயவர் அல்லர். கையருகில் கிடைத்த கல் அது, அதன் அருமையை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பிறகு வந்த காலத்தில் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் வண்டி வண்டியாகப் பவளம் போயிற்று. மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று நீருக்கு மேல் இல்லை. தீவைச் சுற்றி மதில்போல் நின்ற பாரை வெட்டியெடுத்ததும், அலை நேரே மணலில் மோதிக் கரைத்துவிட்டது. ஆய்வறிக்கை இதனை “அகழப்பட்டதால் மூழ்கின” என்று ஒரு வரியில் முடிக்கிறது. மூன்றாம் வேற்றுமை உருபை நானே போட்டுப் பார்த்தேன்: நம்மால். நான் குடியிருக்கும் வீட்டுச் சுவருக்குப் போன சுண்ணாம்பு எந்தக் கரைச் சிப்பி என்று எனக்குத் தெரியாது. ஆயினும் ‘யாரால்’ என்று ஊரைக் கேட்கக் கிளம்பியவன் அதையும் சொல்லிவைப்பதே முறை.

வெட்டுவது சட்டத்தால் நின்றது. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. ஆனால் வெப்பத்தைச் சட்டம் நிறுத்தவில்லை. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் உண்டு. நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால் அவை வெளியேறிவிடுகின்றன, பவளம் வெளுக்கிறது, சூடு தணியாவிட்டால் இறக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நேர்ந்தது. உலக வெப்பம் 1.5 பாகை உயர்ந்தாலே வெப்பமண்டலப் பவளத்தில் 70 முதல் 90 விழுக்காடு அழியும், 2 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ முழுவதும் போய்விடும் என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழு 2018-இல் சொன்ன கணிப்பு. கடல்மட்டம் 2006 முதல் 2015 வரை ஆண்டுக்கு 3.6 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது என்று 2019 அறிக்கை கூறுகிறது. ஓர் ஆண்டின் உயர்வு அரிசி மணி நீளம்கூட இல்லை. அதனால்தான் அது நம் கதைகளுக்குள் வர மறுக்கிறது. புயலுக்குக் கதை உண்டு, அரிசி மணிக்கு இல்லை. தூத்துக்குடிக்கு எதிரே சுருங்கிவந்த வான் தீவைக் காக்கக் கடலடியில் கான்கிரீட் பார்களை நிறுத்தி, அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள் சுகந்தி தேவதாசன் ஆய்வு நிறுவனத்தார். ஒரு தலைமுறை வெட்டியெடுத்த இடத்தில் அடுத்த தலைமுறை சிமெண்டு வைக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்தக் கடலைப் பற்றி நான் படித்தவற்றில் மனத்தைத் தொட்ட செய்தி இதுவே.

இனி, அந்தத் தாயின் தொழிலுக்கு வருவோம். அவர் கட்டும் பாசி நம் கடலுக்கு உரியதன்று. கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டு இனம். 1980-களில் பவநகர் நிறுவனத்தார் ஆய்வுக்கென இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1990-களில் மண்டபம் சேர்ந்தது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனத்தின் முயற்சியில் வணிகப் பயிராயிற்று. மூங்கிலைச் சதுரமாகக் கட்டிய மிதவையில் விதைப்பாசியை முடிந்து விட்டால் 45 நாளில் அறுவடை. கடலுக்குள் போகாத பெண்களின் கையில் அதுவரை இல்லாத காசு வந்தது. ஆய்வுலகம் இதனைத் தகவமைப்பின் வெற்றிக் கதை என்று எழுதிற்று. 2008-இல் மதுரைப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், இதே பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதைப் பதிவு செய்தார்கள். அப்படியில்லை, கட்டுக்குள் இருக்கிறது என்று மறுத்தவர்களும் ஆய்வாளர்களே. 2013-ஐ ஒட்டி நீரின் சூட்டில் பாசி பெருமளவு அழிந்து, மிதவைகள் கரையில் காய்ந்தன. பின்னர் மீண்டும் ஊக்கம்: 2023 செப்டம்பரில் திருவாடானை வட்டாரத்து வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

நான் இங்கே எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்பளிக்கத் தகுதியுடையவன் அல்லன். திறனாய்வாளனாக என் கேள்வி ஒன்றே. இத்தனை ஆண்டு நடந்த இந்த வாதம் முழுவதும், பாசி கட்டும் ஒரு பெண்ணாவது படிக்கக்கூடிய மொழியில் நடந்ததா? பவளத்தை மூடுகிறது என்ற ஐயமும், மூடவில்லை என்ற மறுப்பும் அவர் காதுக்குப் போயிருந்தால், தாம் கட்டும் இடத்தையாவது அவர் தேர்ந்தெடுத்திருப்பார். அவருக்குப் போனது விதையும் விலையும் மட்டும். ஆய்வு அவரைப் பற்றி எழுதியது, அவருக்கு எழுதவில்லை.

துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு நானும் அந்த மாணவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனோம். திருப்பலி முடிந்து பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் முதல் வாக்கியத்தை வாசித்தாள். தாய் கேட்டார்: “யாருக்கு ஆத்தா இதை எழுதியிருக்க?” மகள் விளக்கினாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தண்ணி சுடுது சார். பாசி வெளுத்து உதிருது. சரின்னு மிதவையை ஆழத்துக்குத் தள்ளிக் கட்டினோம். அங்கே ராத்திரியில போட்டு வந்து அறுத்துட்டுப் போயிருது. இதுல நாங்க எதுக்கு ஒத்துப்போகணும், தண்ணிக்கா, போட்டுக்கா?”

நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இவ்வளவு தெளிவாக இல்லை. வெப்பத்துக்கு ஈடுகொடுக்க அவர் ஒரு வழி கண்டார். இழுவைமடி அந்த வழியை அடைத்தது. காலநிலை மாற்றம் என்று தனியே ஒன்று வந்து அவரைத் தாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பழைய அநீதியின் முதுகில் ஏறி வந்தது. கடல்தாழையை வேரோடு பெயர்ப்பதும் அதே மடிதான். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று நம் கடலில் ஓர் ஏற்பாடு உண்டு. நாளைப் பிரித்துக்கொடுக்கலாம், தரையை எப்படிப் பிரித்துக்கொடுப்பது? விசைப்படகில் கூலிக்குப் போகிறவரும் ஏழையே. படகுக்கு முதல் போட்டவர்கள் எல்லாரும் கடலோரத்தார் அல்லர் என்பதையும் உள்நாட்டில் இருக்கும் நாம் தெரிந்துகொள்ளலாம்.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டை ஊரும் வனத்துறையும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. படகோட்டி வருவோர்க்குக் காட்டைக் காட்டுகிறவர்கள் ஊராரே. அங்கே நான் கேட்ட தமிழ் வேறு மாதிரி இருந்தது. ‘பாதுகாக்கப்பட்டு வருகிறது’ என்று ஒருவரும் சொல்லவில்லை. ‘நாங்க வச்சது’, ‘எங்க ஆளுக பார்த்துக்கிறாங்க’ என்றார்கள். எழுவாய் தானாகவே வந்துவிட்டது. கையில் பொறுப்பு இருக்கிறவர் செயப்பாட்டுவினையில் பேசுவதில்லை.

மரத்தடியிலேயே துண்டறிக்கையைத் திருத்தினோம். “கடல் சூடாகிறது. அதைச் சூடாக்கியவர்கள் நாமல்லர். பெரும்பங்கு வேறு நாடுகளிலும் நகரங்களிலும் எரிந்த எண்ணெயும் நிலக்கரியும். பாசியை ஆழத்தில் கட்டினால் வெளுப்புக் குறையலாம். அங்கே விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது. தாழை உள்ள இடத்தில் மடி இழுத்தால் நண்டும் இறாலும் வராது.” வாக்கியம் குறுகிற்று, எழுவாய் வந்தது. ‘தகவமைப்பு’ ஒரு முறைகூட வரவில்லை. மாணவி சிரித்தாள், இதை அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள் என்றாள். பெண்கள் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

அச்சாகி வந்த தாளை அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். சூடாக்கியவர்கள் பற்றிய வாக்கியம் இல்லை. “விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது” என்பது “மிதவைகள் சில வேளைகளில் சேதப்படுத்தப்படுகின்றன” என்று ஆகியிருந்தது. தாளில் இடம் போதவில்லை என்று காரணம் சொன்னார்களாம். தன் ஊருக்கென்று கிடைத்த படிகளை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றிலும் அந்த வரிக்கு மேலே ‘விசைப்படகுகளால்’ என்று மைப்பேனாவால் எழுதிய பிறகே பங்கிட்டாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். எழுதுவதற்கு இடம் இருந்ததாம்.